சேலத்தில் இருந்த பர்மா

"பர்மா இங்கதான் இருந்துச்சு, கண்ணு."

அமுச்சி இதைச் சொன்னபோது எங்கள் கார் சேலம் ஏற்காடு சாலையில் நின்றுகொண்டிருந்தது. அவருக்குக் கண் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம். இனி தூரத்தில் இருப்பதெல்லாம் தெளிவாகத் தெரியும் என்று டாக்டர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு, "அப்ப ஏற்காட்டு மலையக் காட்டு" என்று கிளம்பிவிட்டார். முன்னால் ஒரு பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. சாலையோரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு. ஒரு காலத்தில் ஸ்டூடியோவின் நுழைவாயில். இன்று அதற்குப் பின்னால் ஸ்டூடியோ இல்லை, குடியிருப்புகள்தான். ஊர்க்காரர்களுக்கு அது வழி சொல்ல ஓர் அடையாளம், வெளியூர்க்காரர்களுக்கு செல்ஃபி எடுக்க ஓர் இடம்.

வயசானவர்கள் பேச்சு சில நேரம் தடம் மாறும். நான் "சரிங் அமுச்சி" என்று சொல்லிவிட்டு கியர் போட்டேன். அவர் விடவில்லை. "நெசமாத்தான். பர்மா ராணி. எங்கம்மாவும் நானும் வண்டி கட்டிக்கிட்டுப் போயிப் பாத்தோம். எங்கண்ணன் பர்மாவுல இருந்தாரு. அந்தப் படத்துல இருப்பாரான்னு பாக்கப் போனோம்."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்திலிருந்து தொடங்குகிறது. அந்த வாக்கியத்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்று புரிய எனக்குச் சில வருஷம் ஆயிற்று.

*

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பெங்களூரில் விளம்பரத் தொழில்நுட்பத்தில் இருக்கிறேன். நீங்கள் ஒரு வீடியோவைத் தட்டியதும், அது ஓடுவதற்கு முன் எந்த விளம்பரம் வர வேண்டும் என்று சில மில்லிசெகண்டில் முடிவெடுக்கும் மென்பொருளின் ஒரு மூலை என்னுடையது. ஐந்து வினாடி கழித்து நீங்கள் 'ஸ்கிப்' அழுத்தினீர்களா, இல்லையா என்பதை எண்ணுவதும் அதில் சேர்த்தி. இந்தத் தொழிலில் முதலில் கற்றுத்தரும் பாடம், விளம்பரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட அது எதன் மேல் ஒட்டப்பட்டிருக்கிறது என்பது முக்கியம் என்பதுதான். மக்கள் ஏற்கெனவே அண்ணாந்து பார்க்கிற இடம், ஏற்கெனவே நம்புகிற முகம், ஏற்கெனவே கூடுகிற திடல். அதை வாடகைக்குப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதை யுத்த காலத்து அரசாங்கங்கள் எங்களுக்கெல்லாம் வெகு முன்பே தெரிந்து வைத்திருந்தன. லண்டனின் டிரஃபால்கர் சதுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் நெல்சன் தூண். கடற்போர் ஒன்றில் ஜெயித்துச் செத்துப்போன தளபதியின் நினைவுச் சின்னம். முதல் உலகப் போரின்போது அதன் அடிப்பீடத்தைச் சுற்றி யுத்தக் கடன் பத்திரம் வாங்கச் சொல்லும் விளம்பரங்களை வைத்தார்கள். 1917 நவம்பரில் ஒரு டாங்கியைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தி, ஜனங்களை வரிசையில் வரவைத்துப் பத்திரம் விற்றார்கள். 1918 அக்டோபரில் சதுக்கத்தையே குண்டு விழுந்து இடிந்த ஒரு பிரெஞ்சு கிராமமாக செட் போட்டு மாற்றினார்கள். யுத்தம் நடக்கும் இடத்துக்கு நீங்கள் போக வேண்டாம், யுத்தமே உங்கள் ஊர் நடுவுக்கு வந்துவிட்டது, பர்ஸைத் திறங்கள். இரண்டாம் உலகப் போரில் அதே இடம், அதே வேலை. 1943 மார்ச்சில் ஒரு லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் தூணுக்குப் பக்கத்தில் நின்றது.

நம் பக்கத்தில் இப்படி எதுவும் உண்டா என்று கேட்டால், முதலில் நினைவுக்கு வருவது சென்னை உயர் நீதிமன்றம்தான். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக் கடற்கரைக்கு வந்து குண்டு வீசிவிட்டுப் போனது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர் நீதிமன்ற வளாகச் சுவரிலும் ஒரு குண்டு பட்டது. அந்த இடத்தில் ஒரு கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். கல்வெட்டைப் படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் 'அவன் எம்டனாச்சே' என்று சொல்லாத தமிழர்கள் அதைவிடக் கொஞ்சம். பேச்சில் நுழைந்துவிட்ட ஒரு சொல் கல்வெட்டைவிடத் தாக்குப்பிடித்திருக்கிறது.

கப்பல் ஜெர்மனியுடையது, எரிந்த எண்ணெய் பர்மாவுடையது. இந்தப் 'பர்மா'வைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

*

சேலத்தில் நெல்சன் தூண் கிடையாது. கடலும் கிடையாது. சேர்வராயன் மலை, கஞ்சமலை, அந்தப் பக்கம் நாமக்கல் கோட்டைப் பாறை, திருச்செங்கோட்டு மலை, சங்ககிரி. நடுவில் புழுதி பறக்கும் சமவெளி. சோளம், கம்பு, நிலக்கடலை, கைத்தறி. யுத்தம் இங்கே குண்டாக விழவில்லை. இல்லாமையாக வந்தது.

1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8 ரங்கூன். ஏப்ரல் 6 ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. அடுத்தது சென்னைதான் என்று பீதி. அரசு அலுவலகங்களை உள் மாவட்டங்களுக்குப் பெயர்த்தார்கள், மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர்களுக்கு ஓடினார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று மிருகக்காட்சி சாலைச் சிங்கங்களைச் சுட்டுக் கொன்றார்கள்.

ரங்கூன் விழுந்தது என்பது செய்தித்தாள் வாசிக்காத வீடுகளுக்கும் தெரிந்துவிட்டது. பர்மா அரிசி நின்றது. பர்மாவின் எண்ணெய் வயல்களை ஜப்பான் கைக்குப் போகாமல் இருக்க பிரிட்டிஷாரே அழித்துவிட்டுப் பின்வாங்கினார்கள், மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. அமுச்சியின் பாஷையில், "சீமெண்ணெ இல்லாம பொழுதுசாயவே கதவச் சாத்திக்குவோம்." பர்மா என்பது அதுவரை எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு தேசம் அல்ல. அரிசி, தேக்கு, விளக்கெரிக்கும் எண்ணெய். அது இல்லாமல் போனபோதுதான் அது ஓர் இடம் என்றே தெரிந்தது.

இன்னொரு மாற்றமும் அப்போதுதான் நடந்தது. மலாயாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனது. 1943 வாக்கில் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார், பினாங்கில் இந்தத் தொழிலைப் பார்த்திருந்த போபட்லால் ஷாவுடன் சேர்ந்து, மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கத் தொடங்கினார். இன்று ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் வழியாக பஸ்ஸில் போனால் மூக்கில் ஏறும் அந்தப் புளித்த கிழங்கு வாசனைக்கு ஆரம்பம் ஒரு யுத்தம். அதற்கு எங்கேயும் கல்வெட்டு இல்லை.

ஆனால் யுத்தத்துக்குப் பணம் வேண்டும், ஆள் வேண்டும், முக்கியமாக ஜனங்களின் மனசு வேண்டும். 1939 அக்டோபரில் காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமா செய்துவிட்டது. 1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு'. தலைவர்கள் சிறையில். இந்த நேரத்தில் சென்னை மாகாணத்தில் வசூலான யுத்த நிதிக்கு நன்றியாக பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 எண் கொண்ட படைப்பிரிவுகளுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று பெயர் சூட்டினார்கள். இன்று கிரிக்கெட் மைதானத்துக்கு சிமென்ட் கம்பெனி பெயர் வைப்பதில்லையா, அதேதான். வித்தியாசம், இங்கே பணம் கொடுத்த மாகாணத்தைத் 'தருகிறாயா' என்று யாரும் வாக்கெடுத்துக் கேட்கவில்லை.

சரி, மனசு? கோயில் கோபுரத்தில் போஸ்டர் ஒட்ட முடியாது. மணிக்கூண்டில் ஒட்டினால் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் காசு கொடுத்து வந்து, வாயைப் பிளந்து அண்ணாந்து பார்த்த ஒரே சுவர் சினிமாத் திரைதான். சேலத்துக்கு அந்தச் சுவரைத் தயாரிக்கும் தொழிற்சாலையே இருந்தது.

*

டி.ஆர்.சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர். இங்கிலாந்தின் லீட்ஸில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர். 1930களின் நடுவில் ஏற்காடு அடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். முதல் படம் 'சதி அகல்யா', 1937. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்', 1938, அவருடைய தயாரிப்பு. பின்னாளில் தமிழின் முதல் வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1956, அவருடையது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அந்த வளைவுக்குள்ளிருந்து வெளியே போயிருக்கின்றன. எழுத்தாளர், நடிகர், தச்சர், எலக்ட்ரீஷியன் என்று எல்லோரும் மாதச் சம்பளம். மணியடித்தால் வேலை. சினிமாவை ஒரு மில் மாதிரி நடத்தியவர் என்று அவரைச் சொல்வார்கள். மில்லுக்குப் பஞ்சு எப்படியோ, ஸ்டூடியோவுக்கு ஃபிலிம் அப்படி. அது நின்றால் எல்லாம் நிற்கும்.

நின்றது. இந்தியாவில் அப்போது கச்சா ஃபிலிம் ஓர் அடிகூடத் தயாராகவில்லை. முழுக்க இறக்குமதி. அக்ஃபா ஜெர்மன் சரக்கு, யுத்தம் தொடங்கியதும் அது போயிற்று. மிச்சம் கடல் கடந்து கப்பலில் வர வேண்டும், கப்பல்களோ படைகளுக்கு. இன்னொரு விஷயமும் உண்டு. அந்தக் காலத்து ஃபிலிமின் அடிப்பொருள் நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சையும் நைட்ரிக் அமிலத்தையும் சேர்த்துச் செய்வது. துப்பாக்கிக் குண்டுக்குப் பின்னால் எரியும் மருந்துக்கும் அதுவே அடிப்பொருள். சினிமாவும் வெடிமருந்தும் பங்காளிகள் என்று சொன்னால் அது உவமை இல்லை, வேதியியல்.

1942ல் அரசாங்கம் ஓர் உச்சவரம்பு போட்டது. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது. 35 எம்.எம். பேசும் படம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். கணக்குப் போட்டால் 122 நிமிஷம். அதற்கு முன் நம் படங்கள் மூன்று மணி நேரத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். பாட்டுகளை வெட்டினார்கள், உபகதைகளை வெட்டினார்கள். 1944 தீபாவளிக்கு வந்து மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவது இதனால்தான். யுத்தம் முடிந்து 1948ல் வந்த 'சந்திரலேகா' மறுபடி மூன்று மணி நேரத்தைத் தாண்டிவிட்டது.

1943ல் அடுத்த பிடி. கச்சா ஃபிலிம் லைசென்ஸ் இருந்தால்தான். லைசென்ஸ் அரசாங்கத்தின் கையில். யுத்தத்துக்கு அனுகூலமாகப் படம் எடுக்கிறேன் என்பவருக்கு வழி சுலபம். அதே வருஷம் தியேட்டர்களுக்கும் ஒரு விதி வந்தது. ஒவ்வொரு காட்சியிலும் அரசு அங்கீகரித்த செய்திப் படங்களையும் பிரசாரப் படங்களையும் காட்டியாக வேண்டும், 2,000 அடி வரைக்கும். நிமிஷக் கணக்கில் 22. அதற்கு வாடகையையும் தியேட்டர்காரரே கட்ட வேண்டும். என் தொழில் பாஷையில் சொன்னால், ஸ்கிப் பட்டன் இல்லாத விளம்பரம், அதுவும் வெப்சைட்காரன் காசு கொடுத்துப் போடும் விளம்பரம். இப்படி ஒரு ஒப்பந்தத்தை என் மேனேஜர்கள் கனவில்கூடக் கண்டிருக்க மாட்டார்கள்.

*

'பர்மா ராணி' 1945ல் வந்தது. ஜப்பான் பிடித்துவைத்திருக்கும் பர்மாவில் இந்திய விமானப்படை வீரர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு ராணி என்ற பெண் உதவுகிறாள். கே.எல்.வி.வசந்தா ராணி, ஹொன்னப்ப பாகவதர் நாயகன். இயக்கம் டி.ஆர்.சுந்தரம். கொடூரமான ஜப்பானிய அதிகாரியாக நடித்ததும் அவரேதான். முதலாளி தன் ஸ்டூடியோவிலேயே எதிரி வேஷம் போட்டுக்கொண்டார்.

அவர் மட்டுமில்லை. அதே வருஷம் ஜெமினியிலிருந்து 'கண்ணம்மா என் காதலி', கோவையிலிருந்து 'என் மகன்', கே.சுப்ரமணியத்தின் 'மானசம்ரக்ஷணம்' எல்லாம் யுத்தப் பிரசாரப் படங்களாக வந்தன. இதில் கடைசிப் பெயர் கவனிக்க வேண்டியது. 1939ல் 'தியாகபூமி' எடுத்து, அது அரசால் தடை செய்யப்பட்ட அதே சுப்ரமணியம்தான். ஆறு வருஷத்தில் அரசாங்கத்துக்கு வேண்டிய படம். இதை வைத்து 'விலை போய்விட்டார்' என்று எழுதிவிடுவது சுலபம். நானும் இந்தக் கட்டுரையின் முதல் வடிவத்தில் அப்படித்தான் எழுதினேன், பிறகு அழித்தேன். இரண்டு காரணம்.

ஒன்று, நூற்றுக்கணக்கான பேருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் கொடுக்க வேண்டியவரின் முன்னால் இருந்த வழிகள் எத்தனை என்று யோசிக்க வேண்டும். எடுக்க ஃபிலிம் இல்லாவிட்டால் ஸ்டூடியோ ஒரு கொட்டகை. இரண்டு, அந்தப் படங்கள் ஜப்பானைப் பற்றிச் சொன்னது முழுப் பொய் அல்ல. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட மரண ரயில்பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்க் கூலிகள் ஆயிரமாயிரமாகச் செத்தார்கள். சேலத்து ஸ்டூடியோவில் சுந்தரம் ஜப்பானிய உடுப்பு மாட்டுவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால்தான் அதெல்லாம் நடந்திருந்தது. திரையில் அவர் காட்டிய கொடூரத்தைவிட நிஜம் மோசம்.

அப்படியென்றால் அதில் என்ன தப்பு? தப்பு, சட்டகத்துக்கு வெளியே விட்டதில். விளம்பரம் பெரும்பாலும் பொய் சொல்லாது, அதற்கு அவசியமில்லை. எதைக் காட்ட வேண்டாமோ அதைக் காட்டாது, அவ்வளவுதான்.

1942ல் பர்மாவிலிருந்து ஏறக்குறைய ஐந்து லட்சம் இந்தியர்கள் தப்பி வந்தார்கள். பெரும்பாலோர் காட்டு வழியாக, நடந்து. கூலிகள், கடைச் சிப்பந்திகள், வட்டிக்கடைக் கணக்குப்பிள்ளைகள், குடும்பங்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் வழியிலேயே செத்தவர்கள் பத்தாயிரக்கணக்கில். கப்பலில் இடம், விமானத்தில் இடம், நல்ல வழியில் தண்ணீர், எல்லாவற்றிலும் வெள்ளைக்காரர்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது என்ற புகார் அப்போதே எழுந்தது. அடுத்த வருஷம் வங்காளத்தில் பஞ்சம், லட்சக்கணக்கில் சாவு. பர்மா அரிசி வராமல் போனதும் அதற்கு ஒரு காரணம், இருந்த அரிசியை அரசாங்கம் கையாண்ட விதம் இன்னொரு காரணம். அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்த ஃபிலிமில் இவை இருக்க இடமில்லை. எதிரி கொடியவன் என்று காட்ட 11,000 அடி உண்டு. நம்மைக் காப்பாற்ற வேண்டியவர் எங்கே போயிருந்தார் என்று கேட்க ஓர் அடிகூட இல்லை.

*

அமுச்சியின் அண்ணனுக்கு லாரி ஓட்டத் தெரியும். 1940களில் எங்கள் பக்கத்தில் அது பெரிய வித்தை. 1943ல் ஆள் எடுத்தபோது டிரைவர் என்றதும் உடனே எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கூழ் குடித்துவிட்டு சங்ககிரி போகிறேன் என்று போனவர், ஒரு மாதம் கழித்து எங்கிருந்தோ கடிதம் போட்டார். யுத்தம் முடியும்போது இந்தியப் படையில் 25 லட்சம் பேர். அவர்களில் ஒருவர். ராணுவச் சரக்குப் பிரிவில் லாரி. திமாப்பூர், கோஹிமா, இம்பால், அப்புறம் தாமு வழியாக பர்மா. இந்த ஊர்ப் பெயர்களை எல்லாம் பின்னால் நான் அவருடைய டிஸ்சார்ஜ் காகிதத்திலும் வரைபடத்திலுமாகச் சேர்த்துப் பார்த்தவை. அப்போது வீட்டுக்குத் தெரிந்த ஒரே சொல் 'பர்மா'.

1945ல் ஊருக்குப் பக்கத்தில் டெண்டுக் கொட்டாயில் 'பர்மா ராணி' வந்தது. அமுச்சிக்குப் பதினொரு வயசு. அவருடைய அம்மா அதுவரை சினிமா பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்ற எண்ணமும் உண்டு. ஆனால் கொட்டாய்க்காரன் வண்டியில் தமுக்கடித்துக்கொண்டு 'பர்மா, பர்மா' என்று கத்திக்கொண்டு போனதைக் கேட்டதும் வண்டி கட்டச் சொல்லிவிட்டார்.

"எங்கம்மா மணலக் குமிச்சு ஒசரமா வெச்சு அதும்மேல உக்காந்துச்சு. படம் ஆரம்பிச்சதும் எம்புட்டு நேரம் ஆனாலும் கண்ணச் சிமிட்டல. காக்கிச்சட்ட போட்டவன் வந்தா எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்கும். பின்னால இருக்கறவங்க கத்துவாங்க. எங்கண்ணன் வரவேயில்ல. படம் முடிஞ்சதும், 'இன்னொருக்காப் போடச் சொல்லுடி'ங்குது."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, அடுத்த நாளும் போனோம்."

என் வேலையில் இதற்கு ஒரு பெயர் உண்டு. ஒரே ஆள் ஒரே விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் அதை எண்ணுவோம். நல்ல எண்ணிக்கை. இன்னும் பணம் போடலாம் என்று அர்த்தம். அவள் ஏன் பார்த்தாள் என்று அந்த எண் சொல்லாது. யுத்தத்தை விற்க எடுத்த படத்தை, ஒரு தாய் தன் மகன் உயிரோடு இருக்கிறானா என்று பார்க்கும் ஜன்னலாக எடுத்துக்கொண்டாள். அந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தது பர்மா அல்ல. அவள் உட்கார்ந்திருந்த மணலிலிருந்து ஒரு பகல் வண்டிப் பயணத்தில் போய்விடக்கூடிய ஸ்டூடியோவில் எழுப்பிய பர்மா.

அண்ணன் 1946ல் திரும்பி வந்தார். முழுசாகத்தான் வந்தார். ஒரு கம்பளி, ஒரு தகரப் பெட்டி, நாள் விட்டு நாள் வரும் காய்ச்சல். வந்த மூன்றாம் நாள் அவருடைய அம்மா பெருமையாகச் சொன்னாராம், "நாங்களும் பர்மா பாத்தோம்டா."

அவர் படத்தைப் பற்றி எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, "மழ பேஞ்சுதா?" என்றார்.

இரண்டு பேருக்கும் ஞாபகமில்லை. சண்டை ஞாபகம் இருக்கிறது, பாட்டு ஞாபகம் இருக்கிறது, ஜப்பான்காரனின் பூட்ஸ் ஞாபகம் இருக்கிறது. மழை? தெரியவில்லை.

"மழ இல்லாட்டி அது பர்மா இல்லைங்காத்தா" என்றாராம். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. 1944 மழைக்காலம் முழுக்க நிறுத்தாமல் அந்த மலைப்பாதைகளில் சண்டை நடந்தது என்று நான் பின்னால் படித்தேன். லாரிகள் அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கின, ஆட்கள் வண்டியைத் தோளால் தள்ளினார்கள், குண்டுபட்டவர்களைவிட நோயில் விழுந்தவர்கள் பல மடங்கு. அவர் அதில் எதையும் யாரிடமும் சொல்லாமலே 1980களில் செத்துப்போனார். கடைசிவரை ஐப்பசி மழை பிடித்தால் மட்டும் திண்ணையில் உட்கார மாட்டாராம், உள்ளே போய்விடுவாராம்.

*

விளம்பரங்களுக்கு ஆயுள் குறைவு. 'பர்மா ராணி' வந்த அதே 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீது விசாரணை தொடங்கியது. மலாயாவிலும் பர்மாவிலும் ஜப்பானியர் பக்கம் நின்று பிரிட்டிஷாரை எதிர்த்தவர்கள். அந்தப் படையில் தோட்டத் தமிழர்கள் நிறையப் பேர். நாடு முழுக்க அவர்களுக்காகக் கொந்தளித்தது. சில மாதம் முன்னால் டெண்டுக் கொட்டாயில் கைதட்டிய அதே ஜனம்தான். திரையில் பிரிட்டிஷ் இந்தியாவின் விமானி நாயகன், தெருவில் நேதாஜியின் சிப்பாய் நாயகன். இரண்டு வருஷத்தில் சுதந்திரம். பிறகு அந்தப் படத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள யாருக்கும் காரணம் இல்லை. பெருமைப்படவும் முடியாது, வெட்கப்படவும் ஆள் இல்லை.

எங்கள் வீட்டுக்கு இதில் இன்னொரு சங்கடம் உண்டு. இம்பாலில் தேசிய ராணுவமும் ஜப்பானியரோடு சேர்ந்து முற்றுகையில் இருந்தது. அங்கேதான் அமுச்சியின் அண்ணன் லாரி ஓட்டினார். சுதந்திர தின விழாக்களில் நேதாஜியின் சிப்பாய்களுக்கு மாலை விழுந்தபோது அவர் எங்கே நின்றிருப்பார் என்று நான் யோசித்திருக்கிறேன். கூட்டத்தில்தான் நின்றிருப்பார், வேறெங்கே.

சுந்தரம் 1963ல் இறந்தார். ஸ்டூடியோ கொஞ்ச காலம் நடந்து, ஓய்ந்து, மனைகளானது. வளைவு மட்டும் மிச்சம். சமீப வருஷங்களில் அந்த வளைவும் அது நிற்கும் இடமும் யாருடையது என்றுகூடச் சர்ச்சை வந்து போனது. அதைப் பாதுகாக்க வேண்டும் என்று சொல்பவர்கள் பக்கம்தான் நானும். ஆனால் பாதுகாக்கும்போது எதைச் சேர்த்துப் பாதுகாக்கிறோம் என்றும் பார்க்க வேண்டும். அதைப் பற்றிப் பேசும்போது முதல் வண்ணப் படம், முதல் மலையாளப் பேசும் படம், அங்கே சம்பளம் வாங்கிப் பின்னால் முதல்வர்களானவர்கள் என்று ஒரு பட்டியல் வரும். எல்லாம் நிஜம். அந்தப் பட்டியலில் 'பர்மா ராணி'யையும் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை. சுந்தரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அல்ல. அந்த வாசல் வழியாக ஒரு யுத்தம் தன்னை விற்றுக்கொண்டது என்பதும் அந்த வாசலின் வரலாறுதான்.

அன்றைக்கு ஏற்காட்டில் ஏரிக்கரையில் உட்கார்ந்து அமுச்சி மிளகாய் பஜ்ஜி தின்றார். திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. வளைவு வந்ததும் நான் வேகத்தைக் குறைத்தேன், கண்ணாடியை இறக்கினேன். புதுக் கண்ணால் அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"எங்கம்மா ரெண்டாவது நாளும் எங்கண்ணனப் பாக்கல" என்றார். "ஆனா வீட்டுக்கு வந்து எங்கப்பங்கிட்ட, பாத்தேன்னு சொல்லிருச்சு. நல்லாத்தான் இருக்கறான்னு சொல்லிருச்சு."

"ஏனுங் அமுச்சி அப்படி?"

"எங்கப்பன் ஒரு மாசமாச் சரியாச் சோறு திங்கலீல்ல."

பின்னால் வந்த லாரிக்காரர் ஹார்ன் அடித்தார். வண்டியை எடுத்தேன்.